கைரேகை சீஃபுக்குக் கேட்காத மணி

கப்பலில் அவருக்குக் கைரேகை சீஃப் என்று பெயர். யாருடைய கையையும் பிடித்து அவர் பலன் சொன்னதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் மேல்மூடியில் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடி இரண்டு மூச்சு விடுவார். "நாலாம் சிலிண்டருக்கு உடம்பு சரியில்ல, திறந்து பாருங்க" என்பார். திறந்தால் வால்வில் விரிசல் இருக்கும். புதிதாகச் சேர்ந்த மாலுமிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பழையவர்கள் சிரித்தபடி, "சீஃப், எனக்குக் கல்யாணம் எப்போன்னும் அதையே கேட்டுச் சொல்லுங்களேன்" என்று கலாய்ப்பார்கள்.

பத்தொன்பது வருடங்களை அவர் கடற்படையின் எஞ்சின் அறைகளில் கழித்திருந்தார். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, சன்னல் இல்லாத, வெயில் காலத்தில் நாற்பத்தைந்து டிகிரிக்குக் கொதிக்கும் அறைகள். இரண்டு ராட்சத டீசல் எஞ்சின்களுக்கு நடுவே ஓர் ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்து. பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. எல்லாம் கைஜாடை, தலையசைப்பு, தோளில் ஒரு தட்டு.

உள்ளங்கை வித்தை எப்படி வந்தது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. எஞ்சினின் நோயை ஒரு காலத்தில் அவர் காதால்தான் கண்டுபிடித்தார். காது மெல்ல மெல்லக் கைவிடவே கை அந்த வேலையை எடுத்துக்கொண்டது. கப்பலே மெச்சிய திறமை அவருக்கு மட்டும் சாயும் சுவருக்குக் கொடுத்த முட்டாகத் தெரிந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தவர் அவர் மனைவி. விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தபோது, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பின்னாலிருந்து, "அப்பா, ரெண்டு மாசத்துல வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டாள். அவர் திரும்பவே இல்லை. பெண் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மனைவி வந்து எதிரே நின்றாள்.

"புள்ள கேட்டது காதுல விழலையா, இல்ல பதில் சொல்ல இஷ்டமில்லையா?"

"என்ன கேட்டா?"

மனைவிக்குப் புரிந்துவிட்டது. "டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா கப்பல்லேர்ந்து இறக்கிடுவாங்க."

"இறக்கினா என்ன, இந்த வீட்டுல நிக்க இடமில்லையா?"

கடலுக்குப் போகிறவனுக்குத்தான் கடற்படையில் மதிப்பு என்பது அவர் எண்ணம். கரையில் நாற்காலி தேய்க்கிறவர்களை அவரும் கேலி செய்தவர்தான். தம்மை அந்த வரிசையில் நினைத்துப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

வருடா வருடம் காது பரிசோதனை உண்டு. கடற்படைத் தளத்து மருத்துவமனையில் ஒரு சின்ன அறை. காதில் ஹெட்போனை மாட்டி உட்காரவைப்பார்கள். மருத்துவ உதவியாளர் பெண் பின்பக்கம் மேசையில் பொத்தானை அழுத்துவாள். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எதிரே ஒரு எஃகு அலமாரி. அதன் பளபளப்பில் அந்தப் பெண்ணின் தோள் தெரியும். தோள் அசைந்தால் பொத்தான் அழுத்தப்பட்டது என்று பொருள். இந்தச் சூட்சுமத்தை அவருக்குக் காதும் காதும் வைத்தாற்போலச் சொன்னவன் தாடி என்கிற சகா. பதினாறு வருடச் சிநேகிதன். பக்கத்து எஞ்சினைப் பார்த்துக்கொள்கிறவன். எஞ்சின் ஆட்களில் பாதிப் பேருக்கு இந்தச் சூட்சுமம் அவன் உபயம். அலமாரியின் தயவில் மூன்று வருடம் சீஃப் தேறிவந்தார்.

அந்தக் கடைசிப் பயணம் ஐந்து மாதம் என்று சொல்லித்தான் புறப்பட்டது. நான்காம் மாதத்தில், சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் ஒரு தாளைக் குத்தினார்கள்: பயணம் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கப்படுகிறது. காரணம் எழுதவில்லை. ஒருவனுக்கு மனைவியின் பிரசவ நாள், ஒருவனுக்குத் தங்கை நிச்சயம், ஒருவனுக்கு அப்பாவின் அறுவைச் சிகிச்சை, எல்லாம் அந்த ஒரு தாளில் அடிபட்டுப் போயின. யாரும் கத்தவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். மகளின் பரீட்சை முடியும் நாளில் கூட இருப்பதாகச் சீஃப் வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த துறைமுகத்தில் தொலைபேசி கிடைத்தபோது மகள், "பரவால்லப்பா, எனக்குப் பழகிடுச்சு" என்றாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு அத்தனை வலித்திருக்காது.

நீட்டித்த காலத்தின் மூன்றாம் வாரம், பிற்பகல் இரண்டு மணி. எஞ்சின் அறையில் அவரும் பேட்டரியும் மட்டும் காவலில் இருந்தார்கள். பேட்டரி முப்பது வயது மெக்கானிக் பெண். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்தாலும் பேச்சும் சுறுசுறுப்பும் இறங்காது என்பதால் அந்தப் பெயர். பதவி உயர்வுக்கான பட்டியலில் அந்த வருடம் அவள் பேர் இருந்தது.

கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்துக்கொள்வது முறைப்படி அவள் வேலை. சீஃப் அவள் தோளைத் தட்டி, காது அருகே குனிந்து, "நீ அந்தக் கோடியில போய் அளவெல்லாம் எழுதிட்டு வா, பலகையை நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் பன்னிரண்டடி தள்ளிப் போனாள். அவர் பலகைக்கு முதுகு காட்டி நின்று எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்திருந்தார்.

எண்ணெய் அழுத்தம் விழுந்தது. பலகையில் சிவப்பு விளக்கு மின்னியது. கூடவே எச்சரிக்கை மணி அடித்தது. எஞ்சின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்க வேண்டும் என்றே வைத்த கூர்மையான, மெல்லிய, கீச்சென்ற சத்தம். அவர் முதுகுக்குப் பின்னால், ஒரு கை நீட்டும் தூரத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டே நின்றார்.

அவர் பார்த்துக்கொள்வார் என்று முதலில் பேட்டரி எழுதுவதைத் தொடர்ந்தாள். மணி நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குறிப்பேட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு நிறுத்தும் பொத்தானை அடித்தாள். நாற்பது விநாடி ஓடிவிட்டது. எஞ்சினின் பேரிங் உருகி ஒட்டிக்கொண்டது.

அறை பாதி அமைதியானது. அவள் காதுக் கவசத்தைக் கழற்றினாள். "கேக்கலையா சீஃப்?"

"கேட்டுச்சு. என்னன்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். சொன்ன மாத்திரத்தில் முகம் சூடேறியது. அவள் கீழே கிடந்த குறிப்பேட்டை எடுக்கப் போனாள்.

ஒற்றை எஞ்சினில் கப்பல் நொண்டி நொண்டித் தளத்துக்கு வந்தது. இரண்டு மாத நீட்டிப்போடு இன்னும் ஐந்து நாள் தாமதம். எல்லோருக்கும் ஆத்திரம். யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

விசாரணை கேப்டன் அறையில் நடந்தது. மூன்று அதிகாரிகள், ஒரு நீள மேசை, தண்ணீர்க் குவளைகள். பேட்டரி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை ஒருவர் படித்தார். "மணி கேட்டதும் ஓடிவந்து நிறுத்தினேன்" என்று மட்டும் இருந்தது. பலகையைச் சீஃப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார் என்ற வரி அதில் இல்லை.

"பலகைக்கு நீ பொறுப்பு. நாப்பது விநாடி எங்க இருந்த?" என்றார் நடுவில் இருந்தவர்.

"அறைக் கோடியில அளவு எழுதிக்கிட்டு இருந்தேன் சார்."

"யாரைக் கேட்டு நகர்ந்த?"

அவள் கண் ஒரு நொடி சீஃப் பக்கம் வந்து, உடனே மேசைக்குத் திரும்பியது. அதிகாரியின் பேனா தாளைத் தொட்டது. பட்டியலில் இருந்த அவள் பெயர் அந்தப் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருப்பதாகச் சீஃபுக்குப் பட்டது.

அவர் எழுந்து நின்றார்.

"நான்தான் சார் அனுப்பினேன். பலகைகிட்ட நான்தான் நின்னேன்."

"அப்ப மணி அடிச்சும் ஏன் நிறுத்தல?"

அறையில் மின்விசிறி ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது, சத்தம் தெரியவில்லை. "கேக்கல சார். அந்த மணி எனக்கு மூணு வருஷமா கேக்கல."

"உங்க பரிசோதனை அறிக்கை சரியா இருக்கே?"

"அலமாரியில தோள் தெரியும் சார்" என்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். தாடியின் பெயரை மட்டும் விழுங்கிக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் பேட்டரி அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்று, உதடு தெரியும்படி மெதுவாகப் பேசினாள். "உங்களுக்குக் கேக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் சீஃப். முதுகு துளிகூட அசையல."

"அப்புறம் ஏன் எழுதல?"

"நான் எழுதினா அது புகார். நீங்க சொன்னாதான் உண்மை."

அந்த வருடமே அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. சீஃபுக்கு எழுத்தில் ஒரு கண்டனமும், கடற்பணிக்குத் தகுதியில்லை என்ற முத்திரையும், தளத்து அருங்காட்சியகத்தில் ஒரு வேலையும் வந்தன.

அருங்காட்சியகம் வாசல் பக்கம் இருந்த பழைய கிடங்கு. பித்தளை மணிகள், கிழிந்த கொடிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பல் பொம்மைகள், சுவர் முழுக்கத் தளபதிகளின் படங்கள். பொறுப்பில் ஒரு லெப்டினன்ட். நல்ல மனிதர்தான், தூசியைக் கண்டால் மட்டும் ஆகாது. சீஃபுக்கு முதல் மாதம் துடைப்பதே வேலை. மாலையில் வீடு திரும்பி, சாப்பாட்டில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார். மகள் எதிரே உட்கார்ந்து, அன்றைக்குப் பள்ளியில் நடந்ததை ஒரு வாக்கியம்கூட விடாமல், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வாள்.

இரண்டாம் மாதம், பட்டியல் போடாத பெட்டிகளைத் திறந்தபோது ஒரு கப்பல் மருத்துவரின் குறிப்பேடு கிடைத்தது. நீராவிக் கப்பல் காலத்தது. கரி அள்ளிப் போட்டவர்களின் கொப்புளங்கள், காய்ச்சல்கள், சண்டைக் காயங்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. "எஞ்சின் அறை ஆட்கள் ஒன்பது பேர் வந்தனர். காதில் ஓயாத ரீங்காரம் என்கின்றனர். அடைத்துக்கொள்ளப் பஞ்சு கேட்கின்றனர். பஞ்சு வைத்தால் கட்டளை கேட்காது என்று கேப்டன் மறுத்துவிட்டார்." கீழே ஒன்பது பேரின் பெயர்கள். நான்கு மாதம் தள்ளி இன்னொரு வரி: அந்த ஒன்பதில் மூவர், "கட்டளைக்குக் கீழ்ப்படியாததால்" தண்டிக்கப்பட்டார்கள்.

சீஃப் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். கீழ்ப்படியாதவர்களா, காது கேட்காதவர்களா? அதைக் கேட்க அந்த மருத்துவருக்குத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் எழுதவில்லை. அன்று மாலை வீட்டில் அவர் தட்டில் எதுவும் மிச்சம் வைக்கவில்லை.

தளத்தின் ஆண்டு விழாவுக்குப் பார்வையாளர் வருவார்கள். புதிதாக ஒரு காட்சி வேண்டும் என்றார் லெப்டினன்ட். சீஃப் குறிப்பேட்டை அவர்முன் விரித்து வைத்தார்.

லெப்டினன்ட் படித்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார். "சீஃப், மரபுன்னா நம்ம பெருமையைக் காட்டற இடம். இது மனக்குறை. இத எப்படி வெக்கறது?"

"கப்பலை ஓட்டினதே இந்த ஒன்பது பேர்தான் சார். அவங்க கரி அள்ளி எரிக்கலைன்னா தளபதி எங்க போயிருப்பாரு?"

"மேலே இருந்து ஏதாவது கேட்டா?"

"நான் வெச்சேன்னு சொல்லுங்க. ஏற்கெனவே ஒரு கண்டனம் வாங்கியாச்சு, இன்னொண்ணு வந்தா துணைக்கு இருக்கட்டும்."

லெப்டினன்ட் சிரித்துவிட்டார். சிரித்தபின் மறுக்க முடியவில்லை.

பேட்டரி உதவினாள். கப்பல் எஞ்சின் அறையின் சத்தத்தையும் எச்சரிக்கை மணியையும் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுவந்தாள். காது மருத்துவரிடம் சீஃபின் புதிய பரிசோதனைத் தாளைக் காட்டி, அவர் காதுக்கு எட்டாத ஒலிகளையெல்லாம் நீக்கி இன்னொரு பதிவு தயாரித்தார்கள். குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹெட்போன், இரண்டு பொத்தான்கள். ஒன்றின் கீழே "எஞ்சின் அறை", மற்றதன் கீழே "அதே அறை, பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு".

விழா அன்று தளத்தின் தலைமைத் தளபதி வந்தார். படங்களைப் பார்த்துத் தலையாட்டினார், கொடிகளைப் பார்த்துத் தலையாட்டினார், குறிப்பேட்டின் முன் நின்றார். படித்தார். ஹெட்போனை மாட்டி முதல் பொத்தானை அழுத்தினார். மணி கீச்சிட்டதும் அவர் தோள் துள்ளியது. இரண்டாவதை அழுத்தினார். காத்திருந்தார். மறுபடி அழுத்தினார்.

"ரெண்டாவது சரியா வேலை செய்யலையே. மணியக் காணோம்."

"வேலை செய்யுது சார்" என்றார் சீஃப். "எனக்குக் கேக்கறது அவ்வளவுதான்."

தளபதி ஹெட்போனைக் கழற்றவில்லை. பதிவு முடியும்வரை அப்படியே நின்று கேட்டார். பின்னால் வந்த அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கழற்றியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்கள மாதிரி எத்தன பேர்?"

"தெரியாது சார். சொன்னா கப்பலேற முடியாதுன்னு யாரும் சொல்றதில்ல."

எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. ஆறு வாரத்தில் பரிசோதனை அறை மாறியது. அலமாரி போய், கதவடைத்தால் சத்தம் புகாத கூண்டு வந்தது. காது கெட்டவர்களைத் தூக்கியெறியாமல் பழுதுபார்க்கும் பட்டறையில் அமர்த்தலாம் என்று உத்தரவு வந்தது. நல்ல காதுக் கவசங்கள் கேட்டதற்கு, "பரிசீலனையில் உள்ளது" என்று பதில். பயணத்தை நீட்டித்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று பேட்டரி எழுதிய விண்ணப்பத்துக்கு அந்தப் பதில்கூட வரவில்லை.

கூண்டில் அறுபத்திரண்டு எஞ்சின் ஆட்களைச் சோதித்ததில் பதினொரு பேர் தேறவில்லை. அவர்களில் ஒருவன் தாடி.

அவன் நேரே அருங்காட்சியகத்துக்கு வந்தான். "நீ இறங்கினதோட நிக்காம எங்களையும் இழுத்துப் போட்டுட்டல்ல?"

"உன் பேர நான் எங்கயும் சொல்லல."

"சொல்லித்தான் ஆகணுமா? அலமாரியக் காட்டிக் குடுத்தாப் போதாதா? இன்னும் மூணு வருஷம் கடல்ல ஓட்டியிருப்பேன். கடலுக்குக் குடுக்கற படிக்காசுல என் பையன் படிப்பு முடிஞ்சிருக்கும்."

சீஃப் வாயெடுத்தார். மூன்று வருடத்தில் இன்னொரு மணி அடித்திருக்கும், அப்போது பக்கத்தில் பேட்டரி இருந்திருக்கமாட்டாள் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். தாடியின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் சொல்ல மனமில்லாமல் போனது. "உக்காருடா" என்றார். தாடி உட்காரவில்லை. பதினாறு வருடச் சிநேகிதம் அந்த வாசல் வழியாக வெளியே போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். தாம் செய்தது சரி என்ற எண்ணம் அவருக்கு மாறவில்லை. அதனால் மனசு லேசாகவும் இல்லை.

இதற்கிடையே அவருக்குக் காதுக் கருவி வந்தது. முதல் வாரம் உலகமே சண்டைக்கு வந்தது. செய்தித்தாள் மடக்கினால் தகரம் கிழிபடுவதுபோல இருந்தது, கரண்டி விழுந்தால் உடம்பு தூக்கிப்போட்டது. "ஏன் இப்படிக் கத்தற?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நல்லா இருக்கே! இத்தன வருஷம் கத்திப் பேசியே என் தொண்டை பழகிப்போச்சு. இன்னிக்குச் சொன்னா இன்னிக்கே மெதுவாப் பேச வருமா?"

மகள் அடுத்த அறையிலிருந்து சிரித்தாள். அது அவருக்குக் கேட்டது.

ஒரு மாதம் கழித்துப் பட்டறை வாசலில் தாடி அவரைக் கடந்து போனான். நாலடி போய்த் திரும்பினான். முகம் கொடுக்காமல், "அந்த மெஷின காதுல வெச்சா கூச்சமா இருக்குமா?" என்றான்.

"ரெண்டு நாள் இருக்கும். அப்புறம் பொண்டாட்டி திட்டறதெல்லாம் தெளிவாக் கேக்கும். அதான் ஒரே கஷ்டம்."

தாடி சிரிக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. கருவியை எந்த அறையில் கேட்டு வாங்க வேண்டும், எந்தத் தாளை நிரப்ப வேண்டும் என்று விசாரித்துக்கொண்டுதான் போனான்.

கப்பல் மறுபடி புறப்பட்டது. எஞ்சின் அறைக்குப் பேட்டரி பொறுப்பு. வழியனுப்பச் சீஃபும் மனைவியும் போனார்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் அந்தத் துறைமுகத் தளத்தில், குடும்பங்களோடு நின்றதே இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் முழித்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து, கூட்டத்தை விட்டுக் கிடங்குச் சுவரின் கோடிக்குக் கூட்டிப்போனாள்.

"இங்க நின்னா கப்பல் வளைஞ்சு திரும்பற வரைக்கும் தெரியும். மத்த இடத்துல கிரேன் மறைச்சிடும்."

கப்பல் நகர்ந்தது. மேல்தளத்தில் வெள்ளைச் சீருடையில் வரிசையாக மாலுமிகள். பெண்கள் கையாட்டினார்கள், குழந்தைகள் கத்தினார்கள், யாரோ விசும்பினார்கள். எல்லாம் அவருக்குக் கேட்டது. பேட்டரி எங்கே என்று மேல்தளத்தில் தேடிவிட்டு, தம் மடத்தனத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டார். புறப்படும் நேரத்தில் எஞ்சின் ஆட்கள் மேலே வரவே முடியாது. அவரும் ஒருமுறைகூட வந்ததில்லை.

சட்டென்று திரும்பினார். "அப்ப இத்தன வருஷமா நீ இங்க நின்னு யாருக்குக் கையாட்டின?"

"கப்பலுக்குத்தான்."

"நான்தான் மேல இல்லையே. எனக்குத் தெரியவே தெரியாதே."

"நீங்க உள்ள இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமில்ல" என்றாள் மனைவி. "அது போதாதா?"

கப்பலின் புகைபோக்கியிலிருந்து கரும்புகை ஒரு வீச்சு கிளம்பி, வெளுத்து, சீரானது. இரண்டு எஞ்சினும் ஒத்து ஓடுகின்றன என்று அவருக்குத் தெரிந்தது. அவர் கையைத் தூக்கி, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, இரும்புக்குப் பின்னால் யாரோ நிற்கும் இடத்தைப் பார்த்து ஆட்டினார்.